சாயம் ஏற்றிய பிறகு வந்த ஆத்தா

மதினி,

போன வாரம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நோர்வூட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் கழுத்திலும் கையிலும் ரோஸ் நிறத்தில் கலமைன் மருந்து பூசிக் காய்ந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கண்ணாடியைத் திறக்கப் பார்த்தேன். அது இறுகிக் கிடந்தது. எழுந்து நின்றுகொண்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிள்ளையைக் கண்டு அருவருத்தேன் என்று நினைத்திருப்பாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? இது என் மதினியின் கடைசி வருஷத்து வாடை, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது என்று பஸ்ஸில் வைத்துச் சொல்ல முடியுமா?

வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததற்கு உங்களைத்தான் திட்டினேன். நீங்கள் இருந்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பீர்கள்.

நம் சிநேகமே சண்டையில் தொடங்கியதுதானே. அண்ணனைக் கட்டிக்கொண்டு லிந்துலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நீங்கள் வந்த மறுநாள், தண்ணீர்ப் பீலியடியில் நாலு பேர் நிற்கும்போது, லிந்துலைக்காரங்களுக்கு வாய் நீளமாமே என்று நான் சீண்டினேன். புதுப்பெண் என்றுகூட நீங்கள் பார்க்கவில்லை. "பொகவந்தலாவக்காரங்களுக்குக் காது நீளம் போலருக்கு, அங்க பேசுனது இங்க வரைக்கும் கேட்டிருக்கே" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். பீலியடியே சிரித்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அன்று சாயங்காலமே உங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் வந்து உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைச் சாய்க்கிற கணக்கப்பிள்ளையிடம் நீங்கள் போட்ட சண்டைகளை இன்றைக்கும் மலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவ்வளவு வாய் இருந்தும் ஒருத்தியிடம் மட்டும் நீங்கள் சண்டை போட்டதே இல்லை. அவள் மாரியாத்தா. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் மடி நிறையவில்லை. வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பால்குடம் எடுத்தீர்கள், குளிரில் ஈரச் சேலையோடு தோட்டத்துக் கோயிலைச் சுற்றிக் கும்பிட்டு விழுந்தீர்கள். ஆத்தா திரும்பிப் பார்க்கிற மாதிரி இல்லையே என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொன்னபோது, அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், ஒரு நாளைக்கு நம்ம வாசலுக்கும் வருவா என்றீர்கள். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

பிறகுதான் அந்த நோய் வருத்தம் வந்தது. சிறுநீரில் இரத்தம் போனதை எத்தனை நாள் மறைத்தீர்களோ தெரியாது. நான் கண்டுபிடித்துக் கேட்டபோது பீட்ரூட் தின்றது என்றீர்கள். பீட்ரூட் நம் அடுப்பைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த குளிசை கேட்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு கிட்னியில் கட்டி இருக்கிறது, மற்றது நன்றாக வேலை செய்கிறது, கட்டி இருக்கிறதைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு வாழலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். வெட்டுவதற்கு முன்னால் கட்டி எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நரம்பில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

டாக்டர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற தமிழ் அட்டண்டன் நமக்குச் சொல்லும்போது, சாயம் ஏத்தி எடுப்பாங்க, அப்பத்தான் உள்ளுக்க இருக்கிறது பளிச்சின்னு தெரியும் என்றார். சாயம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் பாலில்லாமல் ஊற்றிக் குடிக்கிற தேத்தண்ணிக்கு நம் லயத்தில் அதுதானே பெயர். "பொறந்ததுலேருந்து ஒடம்புல ஓடுறதே சாயந்தானே புள்ள, இன்னும் ஏத்தணுமாம்ல" என்றீர்கள். கட்டி என்று கேட்டுப் பயந்து போயிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய ஆறுதலாக இருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது சேலையின் பின்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தீர்கள். என் காதில் குனிந்து, ஊசி ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது, படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று நினைத்துச் செத்தே போனேன், எழுந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை என்றீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். அதன் பிறகு கொஞ்ச நேரம் வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். மூச்சு முட்டினாலோ உடம்பு தடித்தாலோ சொல்லச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை. வருவதென்றால் இந்த நேரத்துக்கு வந்திருக்கும், இனி பயமில்லை, போகலாம் என்று அந்த அட்டண்டனே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நல்ல மனுஷன். அவர் சொன்னதை நாம் அப்படியே நம்பினோம். ஸ்கேனுக்கும் நமக்கும் இருந்த கணக்கு அந்த வாங்கிலேயே தீர்ந்துவிட்டது என்றுதான் பஸ் ஏறினோம்.

நாலைந்து நாள் கழித்து மலையிலிருந்து வந்ததும் முதுகு அரிக்கிறது என்றீர்கள். ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்கச் சிவந்து பொரிந்திருந்தது. மறுநாள் நெஞ்சு, வயிறு, கை, தொடை. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எங்கள் அம்மா வந்து ஒரு பார்வை பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆத்தா வந்திருக்கா என்றார். அம்மை என்று யாரும் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அதை நோய் என்று சொல்லக்கூடாதல்லவா.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே லிந்துலையில் ஒருமுறை வந்து போய்விட்டதே, மறுபடி வருமா என்று கேட்டீர்கள். ஆத்தா வர்றதுக்குக் கணக்கு வழக்கு இருக்கா, நினைச்சா எத்தனை தரம் வேண்டுமானாலும் வருவாள் என்றார் அம்மா. அதைக் கேட்டபோது உங்கள் முகம் எப்படி இருந்தது தெரியுமா மதினி? அரிப்பு தாங்காமல் சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை வருஷம் கூப்பிட்டது வீண் போகவில்லை என்று நினைத்தீர்கள். எனக்கு அது புரிந்தது. அதனால் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுப்பில் தாளிப்பு நின்றது. மாத்திரை நின்றது. கிட்னிக்குக் கொடுத்த மருந்தையும் அம்மா எடுத்து மேலே வைத்துவிட்டார். வாசலில் செருக வேப்பிலை வேண்டும். இந்தக் குளிர் மலையில் வேப்பமரம் ஏது? அண்ணன் விடியற்காலையில் பஸ் ஏறி மாத்தளைப் பக்கம் போய், ஒரு சாக்கு நிறைய வேப்பிலை ஒடித்துக்கொண்டு இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார். போகிற வழியில் நம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் பஸ் போகும். அவர் இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வார்? ஆத்தா வந்த வீட்டுக்காரன் ஆஸ்பத்திரிப் படி ஏறுவானா?

ஆபரேஷனுக்குத் தேதி சொல்ல வேண்டிய கிளினிக் நாள் அந்த வேப்பிலைக்குள்ளேயே கடந்து போனது. ஆத்தா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கூழ் காய்ச்சிய பிறகு அண்ணன் போய் விஷயத்தைச் சொன்னார். அம்மை போட்டவர்களை வெட்டுக் கட்டிலில் கிடத்த முடியாது, தோல் முழுக்க ஆறட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அடுத்த தேதி தள்ளித் தள்ளிப் போய், பெரிய டாக்டரும் மாற்றலாகிப் போய், புதிதாக வந்தவர் பழைய படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது பழசாகிவிட்டது, மறுபடி ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

இரண்டாம் முறை ஸ்கேன் அறைக்குள் நீங்கள் மட்டும்தான் போனீர்கள். நான் பையை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்களே சந்தோஷமாகச் சொன்னீர்கள். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டிருக்கிறார். இல்லை என்றீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லையே. உங்களுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. ஏற்றியது சாயம், வந்தது ஆத்தா. கையில் இருந்த பழைய கறுப்புத் தழும்பைக் காட்டி இது என்ன என்றும் அந்த மிஸ்ஸி கேட்டாராம். ஆத்தா வந்துவிட்டுப் போனது என்று உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தெய்யங்கே லெட, தெய்வத்தோட வருத்தம் என்று சொல்லி நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டாராம். பாத்தியா புள்ள, அவங்களுக்கும் அவ தெய்வந்தான் என்று நீங்கள் பஸ்ஸில் பூரித்துப் போனீர்கள்.

எனக்குச் சண்டை போடத் தெரியும் மதினி. அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த இடத்தில் யாரோடு சண்டை போட என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்ட கேள்வி சரி. சொன்ன பதில் சரி. அந்த மிஸ்ஸி அக்கறையாகத்தான் கேட்டார், மரியாதையாகத்தான் கும்பிட்டார். யாராவது ஒருத்தர் அசட்டையாக இருந்திருந்தால் அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த முறை நாலைந்து நாள் ஆகவில்லை. மறுநாள் காலையிலேயே கண் இமை தடித்து மூடிக்கொண்டது. உதடு வெடித்தது. மத்தியானத்துக்குள் உடம்பெல்லாம் கொப்புளம். ரவிக்கையைக் கழற்றும்போது முதுகுத் தோல் துணியோடு சேர்ந்து வந்தது. நான் கத்திவிட்டேன். ஏதோ தீட்டுப் பட்டுவிட்டது, ஆத்தா கோபமாக வந்திருக்கிறாள் என்று சொல்லி, அம்மா மறுபடியும் அண்ணனை வேப்பிலைக்கு அனுப்பப் பார்த்தார். அப்போதுதான் நீங்கள் உதட்டை அசைக்க முடியாமல் என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"ஏ புள்ள, ரெண்டு தடவயும் ஸ்கேன் எடுத்துட்டு வந்த பெறகுதானே வந்தா?"

அம்மா ஓடிவந்து உங்கள் வாயில் கைவைத்தார். அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது, இன்னும் கோபப்படுவாள் என்றார். அதற்கு மேல் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. தோட்டத்து லொறியைப் பிடித்து, தலையணையும் கம்பளியும் போட்டு, அண்ணனும் நானும் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு நீங்கள் முனகினீர்கள். எங்கே தொட்டுப் பிடிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பிடிக்கிற இடமெல்லாம் புண். கையை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அங்கேயும் முதலில் அம்மை என்றுதான் தனி அறையில் போட்டார்கள். பிறகு தோல் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. உங்கள் உடம்பை நெடுநேரம் பார்த்தார். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியை நான் அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இரண்டு முறையும் ஸ்கேன் எடுத்து எத்தனை நாளில் வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சொன்னார்.

"இது அம்மை இல்லை அக்கா. ஸ்கேனுக்குப் போட்ட அந்தச் சாயந்தான். ஒத்துக்கொள்ளாட்டி உடனே காட்டும் எண்டுதான் எல்லாரும் பாக்கிறது. சில பேருக்கு நாள் கழிச்சும் காட்டும். அனேகமா லேசா வந்து தானா ஆறிப்போகும். ஒருக்கா வந்த ஆளுக்குத் திரும்பவும் போட்டால் இன்னும் கெதியா, அடுத்த நாளே வரும். இவவுக்குக் கடுமையா வந்திட்டுது."

முன்னமே தெரிந்திருந்தால் வேறு வழி பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம். இப்ப வந்து சொல்றீங்களே, இத்தனை நாளா எங்க இருந்தீங்க என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கத்துகிறவளுக்கு எதிரில் ஒருத்தன் அப்படி நின்றால் என்ன செய்ய? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். இனி இவவுக்கு இந்தச் சாயம் போடவே கூடாது என்று உங்கள் கட்டில் தலைமாட்டில் அவர் சிவப்பில் எழுதி மாட்டிவிட்டுப் போனார்.

தினமும் அந்த ரோஸ் மருந்தைத்தான் பஞ்சில் தொட்டு, புண் இல்லாத இடமாகப் பார்த்து நான் பூசினேன். குளிருதா என்று கேட்பேன். குளிருது, அரிப்பும் இருக்கு, நீயும் இருக்கே, மூணும் சேர்ந்து என்னைப் படுத்துதுங்க என்பீர்கள். அந்த நிலைமையிலும் அந்த வாய் அடங்கவில்லை.

தோல் ஆறியது. ஆறுகிற வரைக்கும் கட்டி காத்திருக்கவில்லை. சாயம் இல்லாமல் எடுத்த படத்தில் பார்த்தவரைக்கும் அது நெஞ்சுவரை போய்விட்டது, இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை என்று அண்ணனை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அண்ணன் அதை எனக்குச் சொல்லவே இல்லை. அவர் வராந்தாவில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வெயில் அடிக்கிற நாளில் உங்களைக் காம்பராவுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார வைப்பேன். மேலெல்லாம் புதுத் தோல். கொழுந்து கிள்ளிக் கறுத்துக் காய்த்த விரல்கூடக் குழந்தை விரல் மாதிரி ஆகியிருந்தது. அப்படி ஒரு நாள், அந்த டாக்டர் தம்பி என்னதான் சொன்னார், ஒன்றும் மறைக்காமல் சொல்லு என்றீர்கள். நானும் சொன்னேன். ஆத்தா கோபிக்கவும் இல்லை, நீங்கள் குற்றம் செய்யவும் இல்லை, ஒரு தீட்டும் இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். நீங்கள் எதிர் மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். முடித்ததும் ஒன்று கேட்டீர்கள். முதல் தடவை வந்ததும் சாயந்தானா என்று. ஆமாம் மதினி, அதுவும் சாயந்தான் என்றேன்.

உங்கள் புதுத் தோல் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அப்ப ஆத்தா எங்கிட்ட வரவே இல்லியா?"

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் மாத்திரை கொடுத்திருப்பேன். செத்துப்போவேனா என்று கேட்டிருந்தால்கூட எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நீங்கள் இதைக் கேட்டீர்கள். பிள்ளை வேண்டும் என்று கூப்பிட்டபோது வராதவள், ஒருநாள் தானாக உங்கள் உடம்பில் வந்து இறங்கினாள் என்று இருந்தீர்கள். அரித்தாலும் சொறியாமல், எரிந்தாலும் முனகாமல் அவளை வைத்துத் தாங்கினீர்கள். அந்த ஒன்றையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். அந்த டாக்டர் தம்பி சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? குளிர் ஏறுது, உள்ளே போகலாம் என்று சொல்லி உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். பிறகு நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆடி மாதத்து மழை பிடிக்கும் முன்னே போய்விட்டீர்கள்.

இப்போது லயத்தில் யாராவது ஸ்கேனுக்குப் போனால் அவர்கள் காம்பராவில் போய் நிற்கிறேன். போய் வந்து ஒரு வாரத்துக்கு உடம்பைப் பாருங்கள், ஏதாவது பொரிந்தால் சாயம் ஏற்றியதை முதலில் சொல்லுங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் என் தலை மறைந்ததும் சிரிக்கிறார்கள். இந்த வேலை எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நீங்கள் விட்டுப்போன அந்த ஒரு கேள்வியைத்தான் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை.

வருஷா வருஷம் திருவிழாவில் ஆத்தா தேர் ஏறி ஒவ்வொரு லயத்து வாசலுக்கும் வருகிறாள். எல்லாரும் தேங்காய்த் தட்டோடு நிற்கிறார்கள். நான் உங்கள் காம்பரா வாசலில் வெறுங்கையோடு நிற்கிறேன். தேர் எதிரே வந்து நிற்கும்போது, எனக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. எங்க மதினிகிட்ட நீ வந்தியா, வரலியா, அத மட்டும் சொல்லு என்கிறேன். தப்பு மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. தேர் அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறது.